நடப்பு வயது

மலேசியாவின் ஜெஞ்சாரோமில் வயது சொல்ல மூன்று கணக்கு உண்டு. ஐசி எனும் அடையாள அட்டைக் கணக்கு எளியது: அட்டையிலுள்ள 12 இலக்க எண்ணில் முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், தேதி. சீனர்களின் பழைய வழக்கில் பிறந்த குழந்தைக்கே ஒரு வயது. சீனப் புத்தாண்டு வந்ததும் இன்னொன்று. இவ்வூர் தோங் சென் புத்தக் கோவிலில் புத்தாண்டு விளக்குகள் ஏறும் நாள்களில் அந்தக் கணக்குக்காரர் எல்லாருக்கும் ஒன்றாகவே வயது ஏறிவிடும்.

தமிழர்களான நம் கணக்கு வேறு. "வயசு என்ன பாட்டி?" என்றால், "அறுபது முடிஞ்சு அறுபத்தொண்ணு நடக்குதுய்யா" என்று வரும். நிறைந்தது ஒன்று, நடப்பது ஒன்று. 'நட' என்னும் வினையிலிருந்து வந்த 'நடப்பு', இன்னும் முடியாத ஆண்டைக் குறிக்கும்.

இது பழைய பழக்கம்தான். சோழர் கல்வெட்டுகள் ஆட்சியாண்டை 'யாண்டு' என்று சொல்லி, எண்ணோடு 'ஆவது' சேர்க்கும். அதாவது நடக்கும் ஆண்டு. யாறு ஆறானதுபோல யாண்டு ஆண்டானது.

ஷஷ்டியப்தபூர்த்திச் சடங்கு மட்டும் நிறைவுக் கணக்கு: ஷஷ்டி அறுபது, அப்தம் ஆண்டு, பூர்த்தி நிறைவு. 1965 சித்திரையில் தொடங்கிய விசுவாவசு ஆண்டு 2025இல் திரும்ப வந்ததே, அந்த அறுபதாண்டு வட்டம்தான். சடங்கின் மணிவிழா என்ற தமிழ்ப்பெயர் அழகு, ஆனால் கணக்கைச் சொல்லாது.

அழைப்பிதழில் '60ஆவது பிறந்தநாள்' என்று அடிப்பவர்கள், '60 வயது நிறைவு' என்றே அடிக்கலாம், குழப்பமிராது.