மூக்குக்குப் பின்னால் இருக்கும் அறை

 

வகுப்பில் எந்நேரமும் வாயைத் திறந்தபடி இருக்கும் பிள்ளையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கூப்பிட்டால் உடனே திரும்பாது. இரவில் குறட்டை, பகலில் தூக்கம். ஊர் அதற்கு "மந்தம்" என்று பெயர் வைத்துவிடும். காரணம் பல நேரம் மூளையில் இல்லை, மூக்குக்குப் பின்னால் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க மனிதருக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின.

கொர்தோபாவின் அல்-ஸஹ்ராவி (மறைவு 1013) மூக்கில் வளரும் சதையை அகற்ற, முடிச்சுகள் போட்ட இழையை மூக்கால் விட்டு வாயால் எடுக்கும் முறையை எழுதினார். பள்ளிச் சிறுவர்கள் விளையாட்டாகச் செய்வதுதான் இது என்றும் குறிப்பிட்டார். ஆக, மூக்கின் வழி பின்னால் போய்த் தொண்டையில் இறங்குகிறது என்பது அன்றே தெரியும். உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்கத்தான் வழியில்லை.

1854இல் மனுவேல் கார்சியா என்ற சங்கீத ஆசிரியர், பல் வைத்தியரின் சிறு கண்ணாடியையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்துத் தன் குரல்நாண்களைத் தானே பார்த்தார். சில வருடங்களில் செர்மாக் என்பவர் அதே கண்ணாடியை மேல்நோக்கித் திருப்பி, மூக்கின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

1868இல் கோபன்ஹேகன் வைத்தியர் வில்ஹெல்ம் மேயர் ஒரு விடயத்தை வெளியிட்டார். காது மந்தமாகி, மூக்கடைத்த குரலில் பேசிய ஓர் இளம்பெண்ணின் அண்ணத்துக்குப் பின்னால் விரலை விட்டபோது, மெத்தென்ற சதை தட்டுப்பட்டது. அதைத்தான் இன்று அடினொயிட் என்கிறோம்.

விரல் தொட்டதை இன்று எண்டோஸ்கோப் காட்டுகிறது. ஹரோல்ட் ஹொப்கின்ஸ் 1959இல் கண்ணாடிக் கோல்களை வரிசையாக அடுக்கி அமைத்த வில்லைமுறைதான், சுமார் 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள குழாயிலும் தெளிவான படத்தைத் தந்தது. முதலில் நடுச்சுவர், பக்கத்தில் சதை மடிப்புகள், பின்னால் ஓர் அறை. அந்த அறையின் கூரையில் அடினொயிட், இரு பக்கமும் நடுக்காதுக்குப் போகும் குழாய்களின் வாய்கள். சதை வீங்கினால் மூச்சும் அடைபடும், காதும் மந்தமாகும்.

வாயால் மூச்சு விடும் எல்லாப் பிள்ளைக்கும் இதுவே காரணம் என்றில்லை. வைத்தியர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பொரளை லேடி ரிஜ்வே ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கான காது, மூக்கு, தொண்டைப் பிரிவு உண்டு; அரசாங்க ஆஸ்பத்திரி, காசு இல்லை. குழாயை நினைத்துப் பயப்பட வேண்டாம். அது மூளைப் பக்கம் போவதில்லை, மூச்சு போகும் வழியில்தான் போகிறது.

பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முன், அதன் மூக்கையும் காதையும் ஒருமுறை காட்டிவிடுவோம்.