கரி விளைந்த மாவட்டம்

ஒரு பிரதேசத்தின் கனிவளம் அங்கு வாழும் மக்களின் செல்வமாகிவிடுவதில்லை. அவ்வளம் யாருடைய உடைமை என்பதே அவர்தம் வாழ்வை நிர்ணயிக்கின்றது. அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்துத் தென்கிழக்கு மலைப்பகுதியிலுள்ள ஹார்லன் மாவட்டத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே கிழக்குக் கென்ரக்கியின் மலைக் குடியானவரிடம் நிலத்தடிக் கனிம உரிமையை வெளியார் சொற்ப விலைக்கு எழுதி வாங்கினர். மேல்மண் குடியானவனுக்கு, கீழுள்ள கரி கம்பனிக்கு என்றாயிற்று. நாளடைவில் அம்மேல்மண்ணையும் அவன் சம்மதமின்றியே அகழ்வதற்கு அப்பத்திரங்கள் துணைபோயின. 1988ஆம் ஆண்டிலே மக்கள் வாக்களித்து மாநில அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதாயிற்று.

1911ஆம் ஆண்டளவில் புகையிரதப் பாதை ஹார்லனை எட்டியது. அதன் பின் பெனம், லின்ச் முதலிய கம்பனி நகரங்கள் எழுந்தன. மலைவாசிகளோடு தென்மாநிலங்களின் கறுப்பின மக்களும் ஐரோப்பியக் குடியேறிகளும் சுரங்கத்தில் இறங்கினர். 1940இல் மாவட்டத்தின் சனத்தொகை 75,275. வீடும் கடையும் வைத்தியசாலையும் கம்பனியினுடையவை. வசதிகள் சில இருந்தன என்பதை மறுத்தலாகாது. ஆயின், வேலை பறிபோனால் வீடும் பறிபோகும் என்பதே அவ்வாழ்வின் அடிப்படை நியதி.

1931இல் கூலி வெட்டப்பட்டபோது தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். சங்கத்திற் சேர்ந்தோர் வேலையினின்றும் வீட்டினின்றும் துரத்தப்பட்டனர். மே 5ஆம் திகதி எவாட்ஸ் நகரருகே நிகழ்ந்த மோதலில் நால்வர் மாண்டனர். சங்க ஊழியர் ஒருவரின் மனைவியான புளோரன்ஸ் ரீஸ், அவ்வாண்டுப் போராட்டத்திடையே நாட்காட்டித் தாளொன்றில் எழுதிய பாடல் பின்னர் உலகத் தொழிலாளரின் பாடலாயிற்று. முப்பதுகளின் இறுதியிலேதான் சங்கம் அங்கு உறுதியாகக் காலூன்றியது. 1973-74இல் புறூக்சைட் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது மறியலில் நிற்கும் தொழிலாளர் தொகையை நீதிமன்றம் கட்டுப்படுத்தவே, பெண்கள் முன்வந்து பாதையை மறித்தனர். கம்பனி ஊரைக் கட்டியது. சமூகத்தைக் கட்டியதோ இத்தகைய போராட்டமே.

இயந்திரங்கள் வந்தன, ஆட்கள் வேண்டாதவராயினர். பின்னர் கரியின் சந்தையும் சுருங்கியது. 2020இல் எஞ்சியோர் 26,831 பேர். 2019 யூலையில் பிளாக்ஜுவல் கம்பனி வங்குரோத்தாகி, தொழிலாளரின் சம்பளக் காசோலைகள் செல்லாதனவாயின. அவர்கள் தண்டவாளத்தின்மீதமர்ந்து கரி ஏற்றிய புகையிரதத்தை மறித்தனர். குடும்பங்களும் அயலவரும் உணவோடு வந்து சேர்ந்தனர். சங்கமில்லாச் சுரங்கத்திலும் சங்கத்தின் மரபு உயிரோடிருந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

பெனத்தின் பழைய கம்பனிக் கடை இன்று நிலக்கரி அரும்பொருட்சாலையாகும். மின்செலவைக் குறைக்கவென 2017இல் அதன் கூரையிற் சூரியத் தகடுகள் பொருத்தப்பட்டன. இதனைக் கண்டு நகைப்பதற்கில்லை. சக்தியின் மூலம் மாறும். கரி போய்க் கதிரொளி வரும். உடைமையுறவு மாறாதவிடத்து, ஹார்லனின் துயரம் வேறொரு பெயரில் வேறொரு மலையடிவாரத்தில் மீண்டும் நிகழும். நாம் கேட்க வேண்டிய கேள்வி சக்தி எதிலிருந்து பிறக்கின்றது என்பதன்று. அஃது யாருக்குரியது என்பதே.