பாலாற்று மணலும் டூரண்ட் கோப்பையும்

ஆம்பூர் என்றால் தோலும் ஷூவும். ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகளான நாங்கள் பந்து விளையாடியது வெறுங்காலில்தான். கோடையில் பாலாறு வற்றிக் கிடக்கும், மணலே எங்கள் மைதானம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கி, பிரான்சிடம் 2-1 என்ற கணக்கில்தான் தோற்றார்கள் என்று எங்கள் டிரில் மாஸ்டர் அடிக்கடி சொல்வார். ஏதோ நாங்களே ஆடியது போல நெஞ்சை நிமிர்த்திக்கொள்வோம்.

எங்கள் கூட்டத்தில் ஒருவன் இருந்தான். பெயர் வேண்டாம், இன்றும் ஊரில்தான் இருக்கிறான். இடது காலால் அவன் அடித்தால் கோலியின் கைக்குச் சிக்காது. "இவன் தங்கராஜ் மாதிரி வருவான்" என்பார் மாஸ்டர்.

பீட்டர் தங்கராஜ் ஹைதராபாத்தில் பிறந்தவர். வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரில் சிப்பாயாகச் சேர்ந்தார். முதலில் சென்டர் பார்வர்டாக ஆடியவர், பிறகு கோல்கீப்பர் ஆனார். அந்த ராணுவ அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. மெல்போர்ன், ரோம் ஒலிம்பிக் அணிகளில் அவர் இடம்பெற்றார். 1962இல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம், 1967இல் அர்ஜுனா விருது.

அந்தக் காலத்தில் ஏழை வீட்டுப் பையன் பந்தாட்டக்காரன் ஆக அதுதான் வழி. ராணுவம், ரயில்வே, போலீஸ் என்று ஏதாவது ஒரு வேலை முதலில் கிடைக்க வேண்டும். அந்தச் சம்பளத்தில்தான் ஆட்டம். பதினைந்து வயதுக்கும் இருபது வயதுக்கும் நடுவில் ஒரு பையனை வைத்துச் சோறு போட்டுப் பயிற்சி கொடுக்க எங்கள் பக்கம் யாரும் இல்லை.

என் நண்பன் அந்த நடுவில்தான் விழுந்தான். அப்பாவுக்கு இடுப்பு போனது. பதினேழு வயதில் டேனரிக்குப் போனான். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நிற்கும் வேலை. சில மாதங்களில் பாதமெல்லாம் வெடித்துப் புண்ணாகிவிட்டது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றுக்கு வருவான், கரையில் உட்கார்ந்து பார்ப்பான். பந்து அவன் பக்கம் உருண்டு போனால் கையால் எடுத்து வீசுவான்.

சிவசக்தி நாராயணன் என்ற பெயரை நீங்களும் கேட்டிருப்பீர்கள். காரைக்குடிக்குப் பக்கத்தில் கண்டனூர்க்காரர், 2001இல் பிறந்தவர். முன்னாள் இந்திய வீரர் ராமன் விஜயனின் பயிற்சியில் வளர்ந்து, 2020இல் பெங்களூரு எஃப்.சி.யில் சேர்ந்தார். உடனே பெரிய அணியில் இறக்கிவிடவில்லை. முதலில் இளையோரோடும் ரிசர்வ் அணியோடும் ஆடவிட்டுப் பார்த்தார்கள். பிறகுதான் மேலே ஏற்றினார்கள்.

2022 செப்டம்பர் 18. கொல்கத்தாவில் டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டம், எதிரணி மும்பை சிட்டி. நண்பனை வீட்டுக்கு அழைத்திருந்தேன். பத்தாவது நிமிடத்திலேயே சிவசக்தி கோல் போட்டார். பெங்களூரு 2-1 என்று வென்றது. தங்கராஜின் அணி ஏந்திய அதே கோப்பை! அந்தப் பருவத்து ஐ.எஸ்.எல். லீகில் வளர்ந்துவரும் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. ஆனால் 2023 மார்ச்சில் நடந்த இறுதி ஆட்டத்தில், தொடங்கிய சில நிமிடங்களிலேயே காயம்பட்டு வெளியேறினார். விளையாட்டில் அதுவும் உண்டு. ஆனால் அடிபட்டால் வைத்தியம் பார்த்து, குணமாகும்வரை காத்திருக்க இன்று ஒரு கிளப் இருக்கிறது.

அந்த டூரண்ட் கோலைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நண்பன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "நல்லா அடிச்சான்டா. அவனுக்கு யாரோ அஞ்சு வருஷம் சோறு போட்டிருக்காங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது, எடுத்துக் கொடுத்தேன்.

பெங்களூர் போகிற ரயில் இன்றும் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. உங்கள் தெருவில் இடது காலால் நன்றாக அடிக்கிற பையன் யாராவது இருந்தால், அவன் வீட்டில் போய் ஒரு வார்த்தை பேசுங்கள்.