சொல்லாத சுமை

சோபனபுரத்திலிருந்து பச்சைமலை ஏறும்போது எதிரே ஒரு பைக் இறங்கியது. பின்னால் இரண்டு மரவள்ளி மூட்டை, அதற்கு மேலே ஒரு ஆள். என் கண்ணில் பட்டதென்னவோ கேரியர்தான். வண்டிப் பாகங்களின் எடையைக் குறைக்கும் மென்பொருளில் வேலை பார்ப்பவனுக்கு அப்படித்தான் புத்தி போகும்.

இந்தக் கணக்கு கம்ப்யூட்டருக்கும் மூத்தது. 1904-ல் மெல்போர்ன் பொறியாளர் மிச்செல், ஒரு சுமையைத் தாங்கும் சட்டத்துக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு பொருள் போதும் என்று காகிதத்திலேயே கணக்குப் போட்டார். பொருள் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதைக் கணினியே தேடும் வழியை 1988-ல் பென்ட்ஸோவும் கிக்குச்சியும் கொண்டுவந்தார்கள். 2018-ல் ஜெனரல் மோட்டார்ஸ் சோதனையாகச் செய்த இருக்கைத் தாங்கியில் எட்டுத் துண்டுகள் ஒன்றாயின. எடை 40 சதவீதம் குறைந்தது, வலு 20 சதவீதம் கூடியது.

மாயம் ஒன்றுமில்லை. சுமை தாங்காத இடத்தையெல்லாம் அல்காரிதம் சுரண்டி எடுத்துவிடும். ஆனால் நாம் சொன்ன சுமை மட்டும்தான் அதற்குத் தெரியும். மிச்செலின் கணக்கும் அப்படித்தான், சுமை இன்னதென்று முதலிலேயே சொல்லியாக வேண்டும்.

என் பட்டியலில் சமதளச் சாலை இருந்தது, இரண்டு பேர் இருந்தார்கள். மூட்டை இல்லை, மலை இறக்கம் இல்லை. பழைய வண்டிகளில் நாங்கள் 'வேஸ்ட்' என்று கழித்த இரும்புதான் அந்த ஆளை இத்தனை நாள் சுமந்திருக்கிறது.

திங்கட்கிழமை பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன். அறுபது கிராம் கூடிவிட்டது. எதுக்குப்பா இது என்றார் மேலாளர். மரவள்ளிக்கு என்றேன்.