இளவேனிலும் பிரிமவேராவும்

ஒரு சொல்லின் வரலாறு, அதனை வழங்கிய மக்களின் வரலாற்றில் ஒரு கூறாகும். மன்னர் பெயர்களைக் கல்வெட்டும் ஏடும் காத்து நிற்கின்றன. மழைக்கும் வெயிலுக்கும் மக்கள் இட்ட பெயர்களை அவர்தம் நாவே காத்து வருகின்றது. ஆண்டின் இனிய பருவத்தை நாம் இளவேனில் என்றும் வசந்தம் என்றும் வழங்குகின்றோம். இவ்விரு சொற்களின் பிறப்பை இலத்தீன் வழிவந்த ஐரோப்பிய மொழிச் சொற்களோடு ஒப்பிட்டு, ஊவா மலைநாட்டில் அவை பெறும் பொருளையும் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டைய உரோமர் இப்பருவத்தை 'வேர்' என்னும் ஓரசைச் சொல்லாற் குறித்தனர். அவர்தம் பழைய ஆண்டு மார்ச்சு மாதத்தில் தொடங்கியது. செப்டம்பர் என்பதற்கு ஏழாம் மாதம் என்னும் பொருள் இருத்தலே இதற்குச் சான்று. ஆதலின் 'வேர்' ஆண்டின் தலைப்பருவமாயிற்று. பிற்காலப் பேச்சிலத்தீனில் இச்சொல் தனித்து நில்லாது, 'முதல்' எனப் பொருள்படும் அடையை ஏற்று, 'பிரிமா வேரா' என நீண்டது. இத்தாலியம், இசுப்பானியம், போர்த்துக்கேயம், கட்டலானியம் ஆகியவற்றில் அது 'பிரிமவேரா' என வழங்குகின்றது. உருமேனியத்தில் 'பிரிமவர' எனச் சிறிது திரிந்துள்ளது. பிரெஞ்சு மொழியினர் மட்டும் 'முதற்காலம்' என்னும் பொருளுடைய இலத்தீன் தொடரிலிருந்து 'பிரேந்தான்' என்னும் வேறொரு சொல்லை நிலைபெறச் செய்தனர்.

அடை ஏற்ற பின்னர் அடிச்சொல்லுக்கு நேர்ந்தது கருதத்தக்கது. உருமேனியத்தில் 'வர' என்பது இன்று கோடையைக் குறிக்கின்றது. இசுப்பானியத்தில் முன்னர் இளவேனிலைச் சார்ந்து நின்ற 'வெரானோ' என்னும் சொல் மெல்ல நகர்ந்து கோடையின் பெயராயிற்று. 1615இல் வெளிவந்த 'தோன் கிகோத்தே' இரண்டாம் பாகத்தில் செர்வாந்தேசு பிரிமவேரா, வெரானோ, எஸ்தியோ என மூன்றனையும் வெவ்வேறாகக் கொண்டு, ஆண்டுக்கு ஐந்து பருவங்களை எண்ணுகின்றார். பருவங்களுக்கு இடையே இயற்கை கோடு கிழிப்பதில்லை, மொழியே கிழிக்கின்றது. அக்கோடும் காலந்தோறும் இடம் பெயர்கின்றது என்பதை இவ்வரலாறு காட்டும்.

இனி, வசந்தம் என்னும் சொல்லைக் காண்போம். இது வடமொழி 'வஸந்த' என்பதன் தமிழ் வடிவம். வஸந்த, இலத்தீன் 'வேர்', கிரேக்க 'எஆர்', பாரசீக 'பஹார்', உருசிய 'வெஸ்னா' ஆகிய யாவும் ஒரே மூலத்துக் கிளைகள் என மொழிநூலார் நிறுவியுள்ளனர். அம்மூலச் சொல்லின் ஈறு சில வடிவங்களில் ரகரமாகவும் சிலவற்றில் னகரமாகவும் நின்றது. இலத்தீனும் கிரேக்கமும் ரகரத்தைக் கொண்டன. வடமொழி னகரத்தைக் கொண்டது. இலித்துவேனிய மொழியில் இதன் உறவுச்சொல்லாகிய 'வசரா' கோடைக்குப் பெயராயிற்று. எனவே நம் கோயில் வசந்த மண்டபத்தின் பெயரும் இத்தாலியரின் பிரிமவேராவும் தொலைவில் ஒரு குடிப்பிறந்தவை.

இளவேனில் இவற்றினின்றும் வேறாய தனித்தமிழ்ச் சொல். வேதல், வெயில், வெம்மை என்பவற்றோடு உறவுடைய வேனில், வெப்பக் காலத்தைக் குறிக்கும். தொல்காப்பியம் முல்லைக்குக் காரையும் குறிஞ்சிக்குக் கூதிரையும் பாலைக்கு வேனிலையும் பெரும்பொழுதாக வகுத்தது. அவ்வேனில் இளமையும் முதுமையுமாகப் பகுக்கப்பட்டு, சித்திரையும் வைகாசியும் இளவேனிலாகவும், ஆனியும் ஆடியும் முதுவேனிலாகவும் கொள்ளப்பட்டன. சிலப்பதிகாரம் புகார்க் காண்டத்தில் இப்பருவத்தின் பெயரால் வேனிற்காதை என ஒரு காதையே அமைந்துள்ளது.

இலத்தீன் 'வேர்' என்பதும் தமிழ் 'வேனில்' என்பதும் ஒலியால் நெருங்குதல் கண்டு இரண்டும் ஒன்றே எனத் துணிதல் பிழையாகும். இலத்தீன் சொல்லின் பழைய வடிவில் நடுவே ஸகரம் நின்றது. அதனை வடமொழி இன்றும் காட்டுகின்றது. தமிழ்ச் சொல்லில் அதற்கு இடமில்லை. ஒலியொப்புமை ஒன்றனையே பற்றிச் சொல்லுறவு கூறுவோர் மாணவரை மயக்குவர். ஆயினும், இவ்விரு மக்களுக்கும் கருத்தளவில் ஓர் ஒற்றுமை உண்டு. அவர் 'முதல்' என்னும் அடையிட்டுப் பருவத்தைப் பகுத்தனர்; நம் முன்னோர் 'இள' என்னும் அடையிட்டுப் பகுத்தனர். வசந்தம் குருதியால் பிரிமவேராவுக்கு உறவு; இளவேனில் எண்ணத்தால் உறவு.

இலத்தீன் வழிமொழி பேசினோர் நம் பதுளைக்கும் வந்தனர். 1630ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் போர்த்துக்கேயத் தளபதி கொன்சுதந்தீனோ த சா பதுளையை எரியூட்டினார். திரும்பும் வழியில் இரந்தெனிவெலவில் கண்டிப் படையினரால் வீழ்ந்தார். கதிரை, மேசை, அலுமாரி, சன்னல், பாண், தவறணை எனப் போர்த்துக்கேயச் சொற்கள் பல ஈழத் தமிழில் நிலைத்துள்ளன. பிரிமவேரா நிலைக்கவில்லை. புதிய பொருள் வந்தபோது அதன் பெயரும் வந்தது. இளவேனில் கப்பலேறி வரும் பொருளன்று; அதற்கு இந்நாட்டில் முன்னரே பெயர் இருந்தது. சிங்கள மக்களும் அதனை வசந்தம் என்றே வழங்குகின்றனர். குயிலின் குரலையும் முருக்கின் செம்மலரையும் புத்தாண்டின் அறிகுறியாகக் கொள்கின்றனர்.

பெயர் ஒன்றாயினும் அதன் கீழ் அமைந்த வானம் ஒன்றன்று. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த நம் மூதாதையர் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து புறப்பட்டனர். அச்சமவெளிகளில் சித்திரை என்பது கத்திரி வெயிலை நோக்கிச் செல்லும் மாதம். பதுளையிலோ சித்திரைப் பிறப்பையொட்டிப் பிற்பகல் இடியும் மழையும் வரும். தேயிலைச் செடி கொழுந்து தள்ளும். ஊவாவின் பெருமழை ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. ஆடி, ஆவணியில் தென்மேற்குக் காற்று தன் நீரை மேற்கு மலைச்சரிவில் பொழிந்துவிட்டு, வறண்ட கச்சானாக இப்பக்கம் இறங்கும். அக்காற்றில் கொழுந்து குறையும். ஆனால் உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் தந்த நறுமணம் அப்பொழுதே மிகும். பசறையிலும் அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் ஆண்டின் சிறந்த பருவம் எது எனக் கேட்டால், கூடை சுமப்பவர் மழைக்குப் பிந்திய நாட்களையும் தேயிலை சுவைப்பவர் கச்சான் நாட்களையும் காட்டக்கூடும்.

இந்நிலையில், பனி உருகுவதையும் பட்டமரம் தளிர்ப்பதையும் ஆங்கில வாசகங்களிலிருந்து எடுத்து, 'வசந்தகாலம்' என்னும் தலைப்பின்கீழ் நம் மாணவர் கட்டுரை வரைதல் பொருந்துமா? இசுப்பானியர் தம் வெயிலுக்கு ஏற்ப 'வெரானோ'வின் எல்லையை மாற்றினர். உருமேனியரும் அவ்வாறே செய்தனர். தாம் கண்டதற்கு ஏற்பச் சொல்லைத் திருத்திக்கொள்ளுதல் மொழிக்கு இழுக்கன்று. உயிருள்ள மொழியின் இயல்பு அதுவே. இளவேனில் என்னும் சொல்லை நாமும் ஊவாவின் சித்திரை மழைக்கு உரித்தாக்கலாம்.

அதற்கு முதற்பணி ஒன்றுண்டு. மழைக்கும் காற்றுக்கும் பனிக்கும் தோட்டத்து முதியோர் வழங்கும் பெயர்களை, அவை எந்த மாதத்தைக் குறிக்கின்றன, கொழுந்தின் எந்த நிலையோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன என்னும் விவரங்களுடன் மாணவர் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். இலத்தீனின் 'வேர்' ஏடுகளில் எழுதப்பட்டமையால் அதன் நெடும்பயணத்தை இன்று நாம் அறிகின்றோம். எழுதப்படாத சொல், அதனைச் சொன்னவரோடு மறைந்துவிடும்.