கணைய அழற்சியில் நீர் கோத்தல்

திடீர்க் கணைய அழற்சியின்போது கணையத்தைச் சுற்றித் திரவம் தேங்குவதைப் பேச்சுவழக்கில் 'நீர் கோத்திருக்கு' என்பார்கள். பித்தப்பைக் கல்லும் மதுவும் இந்நோய்க்கு முதன்மைக் காரணங்கள். குடலில் வேலை செய்யவேண்டிய செரிமான நொதிகள் கணையத்துக்குள்ளேயே செயல்படத் தொடங்கி அதையே அரிக்கின்றன. மேல்வயிற்றில் எழுந்து முதுகுவரை பாயும் வலியை 'கேஸ்' என்று எண்ணி இரவெல்லாம் பொறுத்திருப்பது ஆபத்து.

இத்தகைய வலி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். சென்னை வானகரத்தில் இருப்பவர்களுக்கு அயனம்பாக்கம் பக்கம் அப்போலோ மருத்துவமனை உள்ளது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை, அதையும் தாண்டினால் சென்ட்ரல் அருகே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை.

ஸ்கேனில் நீரைப் பார்த்ததும் 'ஏன் இன்னும் எடுக்கவில்லை?' என்று குடும்பத்தார் பதறுவது இயல்பு. காத்திருப்பதன் காரணத்தை அவர்களுக்குப் பொறுமையாக விளக்கவேண்டியது மருத்துவரின் கடமை. 2012-இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாடு 4 வாரத்தை எல்லைக்கோடாக வைக்கிறது. அதற்கு முன் தேங்கும் வெறும் நீர் பெரும்பாலும் தானே வற்றிவிடும். வற்றாமல் சுவர் கட்டினால் அது போலி நீர்க்கட்டி. கணையத் திசு அழுகியிருந்தால் நீரோடு திடக்கழிவும் கலந்திருக்கும்; 4 வாரத்துக்குப் பின் அதைச் சுற்றியும் தடித்த சுவர் உருவாகும். சுவர் உறுதிப்படுமுன் கைவைத்தால் ரத்தக்கசிவும் புதிய தொற்றும் வரலாம். தொந்தரவு தராத தேக்கத்தை, அளவில் பெரிதென்பதற்காக மட்டும் வடிப்பதில்லை.

தொற்று, தணியாத வலி, இரைப்பையோ பித்தக்குழாயோ நசுங்குதல் ஆகியவை வடிப்பதற்கான காரணங்கள். தொற்று கண்டாலும் நோயாளி தாங்கும் நிலையில் இருந்தால் ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் காத்திருக்கலாம். நெதர்லாந்து மருத்துவர்கள் 104 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வடித்தலைத் தள்ளிப்போட்ட பிரிவில் 39 விழுக்காட்டினருக்கு வடிக்கும் டியூப்பே தேவைப்படவில்லை. காத்திருக்கும் நாட்களில் மூக்குவழிக் குழாயில் உணவு செலுத்துவதும் சிகிச்சையின் முக்கியப் பகுதி. குடலைப் பட்டினி போடக்கூடாது.

வடிக்கும் முறையும் மாறியிருக்கிறது. முன்பு வயிற்றைத் திறந்து அழுகலை வழித்தெடுத்தார்கள். நெதர்லாந்திலேயே 88 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு, முதலில் டியூப், போதாவிட்டால் மட்டும் சிறுதுளை அறுவை என்ற படிப்படியான வழியைச் சோதித்தது. பெருஞ்சிக்கல் அல்லது மரணம் 69 விழுக்காட்டிலிருந்து 40 ஆகக் குறைந்தது. அவ்வழியில் சென்றவர்களில் 35 விழுக்காட்டினருக்கு டியூப் மட்டுமே போதுமானதாக இருந்தது.

தேக்கம் இரைப்பையை ஒட்டியிருந்தால் இப்போது எண்டோஸ்கோபியே முதல் தேர்வு. எண்டோஸ்கோபிக் குழாயின் நுனியிலுள்ள அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி இரைப்பைச் சுவர் வழியாகத் துளையிட்டு ஸ்டென்ட் வைப்பார்கள். உடலுக்கு வெளியே பை தொங்காது. துளையிடுமுன் ரத்தக்குழாயில் புடைப்பு ஏதும் உண்டா என்று சி.டி.யில் பார்த்துவிட வேண்டும். தவறவிட்டால் உயிருக்கே ஆபத்தான ரத்தப்போக்கு நேரும்.

உலோக ஸ்டென்ட்டைச் சுமார் 3 அல்லது 4 வாரத்தில் எடுத்துவிட வேண்டும். உள்ளே விட்டால் அது ரத்தக்குழாயை உரசி அரிக்கக்கூடும். வலி தீர்ந்ததென்று அந்தத் தேதியில் வராமல் இருந்துவிடுபவர்களை நினைத்தே இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. கல்லால் வந்த நோயென்றால், தேக்கம் அடங்கிய பின் பித்தப்பையையும் அகற்றுவார்கள்.