பயிர்க் காப்பீட்டு இழப்பீடும் காலக்கெடுவும்: செஞ்சி வட்டாரப் பார்வை

பயிர்க் காப்பீட்டு இழப்பீடு எத்தனை நாளில் உழவர் கைக்கு வருகிறது என்பதை அளவிடும் முறை, இந்தியாவில் அந்தக் காப்பீடு தொடங்கி நெடுங்காலம் சென்ற பின்னரே உருவானது. விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி வட்டாரம் ஏரியையும் கிணற்றையும் வானத்தையும் நம்பி நெல்லும் மணிலாவும் (இப்பகுதி வழக்கில் மல்லாட்டை) விளைவிப்பது. இங்கே இழப்பீடு கிடைக்குமா என்ற கேள்விக்கு இணையானது, அது ஆடிப் பட்டத்துக்கு முன் கிடைக்குமா என்பது. பிந்தினால் விதைக்கும் உழவுக்கும் நகையை அடகு வைக்க வேண்டியிருக்கும்.

காப்பீட்டுக்கு முன்

செஞ்சிக் கோட்டையின் நெற்களஞ்சியங்களை இன்றும் காணலாம். அவை முற்றுகைக் காலத்தில் கோட்டைக்குள் இருப்போருக்கான சேமிப்பு. வெளியே பயிர் இழந்தவருக்கானவை அல்ல. ஆங்கிலேயர் ஆட்சியில் தென்னார்க்காடு மாவட்டம் இரயத்துவாரி முறையில் இருந்தது. விளைச்சல் கெட்டால் ஜமாபந்தியில் நிலவரித் தள்ளுபடி கேட்கலாம். வரி குறையுமே தவிர, கைக்குப் பணம் வராது. மழை அளவை அடிப்படையாகக் கொண்ட காப்பீட்டுத் திட்டம் ஒன்றை 1920இல் மைசூரைச் சேர்ந்த ஜே. எஸ். சக்கரவர்த்தி நூலாக எழுதினார். அது செயலுக்கு வரவில்லை.

பணம் தேங்கிய இடம்

பேராசிரியர் வி. எம். தாண்டேகர் பரிந்துரைத்த 'பரப்பு அணுகுமுறை' 1979இல் முன்னோட்டமாகவும், 1985இல் விரிவான பயிர்க் காப்பீட்டுத் திட்டமாகவும் நடைமுறைக்கு வந்தது. இதில் தனி வயலைப் பார்ப்பதில்லை. ஒரு பகுதியின் சராசரி மகசூலையே பார்ப்பார்கள். நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளவில் வயலில் சதுரம் கட்டி, அறுத்து, அடித்து, எடை போடுவது பயிர் அறுவடைப் பரிசோதனை. அந்த எடை உத்தரவாத மகசூலைவிடக் குறைந்தால் இழப்பீடு உண்டு. எடுத்துக்காட்டாக, உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 2,000 கிலோ, கிடைத்தது 1,500 கிலோ எனில் குறைவு 25 விழுக்காடு. காப்பீட்டுத் தொகை 36,000 ரூபாய் என்றால் இழப்பீடு 9,000 ரூபாய்.

கணக்கு எளிது. பணம் யாரிடமிருந்து வருவது என்பதில்தான் சிக்கல். 1999-2000 ராபி பருவத்தில் தொடங்கிய தேசிய வேளாண் காப்பீட்டுத் திட்டத்தில், உணவுப் பயிர்களுக்கும் எண்ணெய் வித்துகளுக்கும் பிரீமியத்தைத் தாண்டிய இழப்பீட்டை மத்திய, மாநில அரசுகள் பாதிப்பாதி ஏற்க வேண்டும். இரு அரசுகளின் நிதியும் வந்து சேரும்வரை காப்பீட்டு நிறுவனம் காத்திருக்கும். அதன் பின்னால் உழவர் காத்திருப்பார். கெட்ட ஆண்டில்தான் தொகை பெரிதாகும், கெட்ட ஆண்டில்தான் தாமதமும் நீளும். இழப்பீடு பிந்துவதை இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் 2017ஆம் ஆண்டு அறிக்கையும் சுட்டிக்காட்டியது.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

2016 காரிப் பருவத்தில் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் (காரிப் பயிருக்கு 2, ராபிக்கு 1.5 விழுக்காடு உழவர் பங்கு) முழு இழப்பீட்டையும் நிறுவனங்களின் பொறுப்பாக்கியது. அறுவடை முடிந்த இரண்டு மாதத்துக்குள் பணம் தர வேண்டும் என்பது நோக்கம். 2018 அக்டோபர் முதல், தாமதிக்கும் நிறுவனம் 12 விழுக்காடு வட்டி சேர்த்துத் தர வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நிறுவனத்தின் நாள் கணக்கு, மகசூல் விவரமும் அரசின் பிரீமிய மானியமும் வந்த பிறகே தொடங்கும். தை மாதம் சம்பா அறுத்த செஞ்சி உழவரின் நாள் கணக்கோ களத்திலேயே தொடங்கிவிடுகிறது. எனவே நிறுவனம் ஏட்டளவில் கெடுவுக்குள் பணம் கொடுத்திருக்கலாம். உழவருக்கு அது பல மாதத் தாமதமாகவே இருக்கும். எத்தனை பேருக்குப் பணம் வழங்கப்பட்டது என்ற விழுக்காட்டை மட்டும் வெளியிடும் அறிக்கைகள் இந்த இடைவெளியைக் காட்டுவதில்லை.

மருத்துவக் காப்பீட்டில் நிலைமை வேறு. அங்கே மருத்துவமனையின் பில் இருக்கிறது, அது வந்து சேர்ந்த நாளும் தெளிவாக இருக்கிறது. அமெரிக்காவின் மெடிக்கேர் திட்டத்தில் குறையற்ற கோரிக்கைகளில் 95 விழுக்காட்டை 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். இந்தியக் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2024இல் இன்னும் இறுக்கியது: ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்திலும், வீடு திரும்பும்போது மூன்று மணி நேரத்திலும் ஒப்புதல் தர வேண்டும். பயிருக்கு இப்படிப் பில் கிடையாது. 2018 திருத்தத்தில், நீர் தேங்குவதை நெல்லுக்கான தனி வயல் இழப்பாகக் கருதும் விதியும் நீக்கப்பட்டது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது அண்டையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த விதிப்படி, மூழ்கிய நெல்லுக்கும் பகுதி மகசூல் கணக்கையே எதிர்பார்க்க வேண்டியிருந்தது.

அண்மை மாற்றங்கள்

2023 மார்ச்சில் 'டிஜிகிளெய்ம்' வந்தபின் தேசியப் பயிர்க் காப்பீட்டு வலைத்தளம் வழியாகவே இழப்பீடு வங்கிக் கணக்குக்குச் செல்கிறது. அதனால் தொகை புறப்பட்ட நாளும் பதிவாகிறது. 2024 காரிப் முதல் 12 விழுக்காடு வட்டியை வலைத்தளமே கணக்கிடுகிறது. முன்பு அதை யாராவது கேட்டுப் பெற வேண்டும். மத்திய அரசின் மானியப் பங்கு மாநிலப் பங்கிலிருந்து பிரிக்கப்பட்டுள்ளதால், மாநில நிதி பிந்தினாலும் மத்தியப் பங்குக்கு ஈடான இழப்பீட்டை உழவர் முன்னதாகப் பெறலாம். சம்பாவுக்குப் பதிவு செய்ய வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல், வங்கிப் புத்தகம், ஆதார் ஆகியவற்றுடன் பொதுச் சேவை மையத்தில் பதியலாம். வங்கிக் கணக்குடன் ஆதார் இணைந்திருக்கிறதா என்பதை அப்போதே பார்த்துக்கொள்வது நல்லது.